மூன்றாம் இடத்துச் சேறு

காவேரி எனக்கு நாத்தனார். நாத்தனாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்தவள் எங்கள் வடக்குப்பட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்களுக்குள் ஒத்துப்போனதே கிடையாது. குழம்பில் புளி தூக்கல் என்று அவள் முகத்தைச் சுளித்தால், மறுநாள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கரைப்பேன். ஆனாலும் 1991 ஆவணியில் அவள் செய்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். ஊரில் அதைக் கோழி செத்த கதை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, அரிசி புடைக்க முதலில் காவேரியைத்தான் கூப்பிடுவார்கள். முறத்தை இரண்டு தட்டுத் தட்டினால் கல் ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். காவேரி பார்த்த அரிசியில் கல் கடிபட்டால் அது உன் பல்லாகத்தான் இருக்கும் என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தப் பெயரை அவள் எப்படிச் சம்பாதித்தாள் என்பது தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடும். அவளை மணிமங்கலத்தில் கொடுத்திருந்தார்கள். போய் ஒரு வருஷத்துக்குள்ளேயே அந்த வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அரிசி புடைத்து உலை வைத்தது புது மருமகள் காவேரி. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில் ஒரு வெந்த புழு கிடந்தது. அந்த மனிதர் இலையை மூடிவிட்டு எழுந்தார். அவர் பின்னாலேயே பந்தி முழுக்க எழுந்தது. சம்பந்தம் முறிந்தது. மட்டமான மூட்டையை வாங்கி வந்தது மாமனார், ஆனால் பழி புடைத்த கைக்கு. அந்த வாரமே காவேரியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பக் கூப்பிடவே இல்லை. அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'புழுக்காரி'. அன்றிலிருந்து அவள் முறத்தை எடுத்தால் வேறு எதையும் பார்க்க மாட்டாள்.

இந்த நிலையில்தான் ஏகாம்பரநாதன் சார் வந்து சேர்ந்தார். காஞ்சிபுரத்துக்காரர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஊர்க்கோடியில் காலியாகக் கிடந்த உரக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, அதில் கடல் சேற்றைக் கொண்டுவந்து அடுக்கினார். கடல் எங்கே, வடக்குப்பட்டு எங்கே என்று நானே கேட்டேன். கல்லூரியில் வைத்தால் நாற்றம் என்று விரட்டுகிறார்களாம், கரையில் வைத்தால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறதாம். எங்கள் ஊரில் நடவு முடிந்து பெண்கள் சும்மா இருந்தோம். அவருக்குப் பொறுக்க ஆள் வேண்டும்.

வேலை இதுதான். எங்கேயோ படகுத்துறைக்காகத் தோண்டப்போகும் மண்ணைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டப்போகிறார்கள். கொட்டுவதற்கு நாலு இடம் பார்த்திருந்தார்கள். எந்த இடத்தின் தரையில் உயிர்கள் நிறைய வாழ்கின்றனவோ அதை விட்டுவிட வேண்டும், உயிரில்லாத தரையாகப் பார்த்துக் கொட்ட வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு சாரிடம் வந்திருந்தது. படகிலிருந்து இரும்பு வாய் ஒன்றை இறக்கிக் கடல் தரையைக் கவ்வி எடுத்து, சன்னமான சல்லடையில் சலித்து, மிஞ்சியதைப் பையில் போட்டு, அழுகாமலிருக்க ஒரு விஷ மருந்து ஊற்றிக் கட்டிவிடுவார்கள். அதில் ஒரு சாயமும் உண்டு. உயிராக இருந்ததெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும், மண்ணும் தூசும் அப்படியே இருக்கும். நாங்கள் அதை நன்றாகக் கழுவி, வெள்ளைத் தட்டில் பரப்பி, ரோஸாக இருப்பதையெல்லாம் இடுக்கியால் எடுத்துப் புட்டியில் போட வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் புட்டிக்குச் சீட்டு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

காவேரிக்குக் காய்ச்சல். ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள். சார் அவளுக்கும் தட்டில் வைத்துக் காட்டினார். அன்று தட்டில் இருந்தது கிளிஞ்சல், நண்டுக் குஞ்சு, நகக்கண் அளவில் ஒரு நட்சத்திர மீன். "உயிரா இருந்தது எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா" என்றார். தலையாட்டினாள். இருப்பதிலேயே குப்பை அதிகம் மூன்றாம் இடத்துப் பைகளில்தான். அவள் கை வேகத்தைப் பார்த்து அதை அவளிடமே கொடுத்தார். நாங்கள் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார, அவள் மட்டும் பின்வாசலில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

மூன்றாம் இடத்துப் புட்டிகளில் ஒன்றும் தேறவில்லை. நாலு கிளிஞ்சல், ஒரு நண்டு. சார் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "அங்கதான் மீன் நல்லா படும்னு வலைக்காரங்க சொன்னாங்க. தரை செத்துக் கிடக்கு போல" என்றார். அடுத்த திங்கட்கிழமை சென்னையில் இதை முடிவு செய்யும் கூட்டம். மூன்றாம் இடத்தில் மண்ணைக் கொட்டலாம் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் கோழிகள் செத்தன.

கோழிகள் முனியம்மாளுடையவை. அவள் வீடு கிடங்குக்கு நேர் பின்னால். கிடங்குக்குக் காவல் அப்பாவு. கோழி உள்ளே வந்து தட்டைக் கிளறுகிறது என்று அவருக்கும் முனியம்மாளுக்கும் தினமும் சண்டை. "இன்னொரு தபா உள்ள வந்துது, மருந்து வெச்சிடுவேன்" என்று அவர் கத்தியதைத் தெருவே கேட்டிருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, அப்பாவு விஷயத்தில் அதுதான் நடந்தது.

முனியம்மாள் சும்மா விடுகிறவள் இல்லை. செத்த கோழி ஒன்றின் தீனிப்பையைத் தெருவில் வைத்தே அறுத்தாள். உள்ளே ரோஸ் நிறத்தில் நூல் நூலாக ஏதோ இருந்தது. "பாருங்கடி, செவப்பு மருந்து. கெடங்குல கீற மருந்த எடுத்து வெச்சிட்டான்" என்று எல்லாருக்கும் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன், காவேரியும் பார்த்தாள். அவள் இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. குடம் சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முனியம்மாள் ஸ்ரீபெரும்புதூர் போலீசுக்குப் போவேன் என்று கிளம்பினாள். அந்த வருஷம் மே மாதம் அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் போலீஸ் என்றாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியூர் ஆள் ஒருவர் பீப்பாய் பீப்பாயாக மருந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் சாரையும் ஏற்றுவார்கள், வேலை செய்த எங்களையும் ஏற்றுவார்கள். நாட்டாமை ரகுபதி குறுக்கே வந்து, சாயங்காலம் எல்லையம்மன் கோயிலில் அப்பாவு கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், அதோடு முடியட்டும் என்றார். எல்லாரும் சரி என்றார்கள்.

மத்தியானம் காவேரி சோறு தொடவில்லை. பம்புசெட்டுப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"ஜோதி, அது மருந்து இல்லடி."

"எது?"

"கோழி வயித்துல இருந்துதே, அது. நம்ம கெடங்கு புழு. நாந்தான் போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "எந்தப் புழு?"

"அந்த சேத்துல கீற புழு. பைய பிரிச்சதுமே கொட்டாங்கச்சில அள்ளிப் பின்னாடி கொட்டிடுவேன். மருந்தக்கூட கழுவல. அதக் கையால தொட்டுகினு எவ கழுவுறது."

 கோழி போனால் போகிறது. என் புட்டிகளில் பாதிக்கு மேல் புழுதான். சார் தேடியதே அதைத்தான். "அய்யோ அக்கா, உசுரா இருந்தது எல்லாத்தையும் போடச் சொன்னாரே."

"புழுவ போயி யாராவது உசுருன்னுவாங்களா?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள். "அவரு பெரிய மனுசன். அவரு கொண்டாந்த சாமான்ல புழு கீதுன்னு நாலு பேரு பாத்தா அவருக்குத்தான அசிங்கம்? யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு எடுத்துப் போட்டேன்."

 விருந்தாளி வரும் முன் வீட்டு அசிங்கத்தை மறைக்கிற மாதிரி, கடலின் அசிங்கத்தை அவள் மறைத்திருக்கிறாள். புழு எத்தனை முக்கியம், அது சேற்றைக் கிளறிக் காற்றோட விடுகிறது, மீன் அதைத் தின்றுதான் பிழைக்கிறது என்று அவள் காய்ச்சலில் கிடந்த வாரம் சார் எங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவசர அவசரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப மூணாம் எடத்துல மண்ணு கொட்டப்போறது என்னாலயா?"

"அத சாருகிட்ட தனியா சொல்லிக்கலாம். கோயில்ல வாயத் தொறக்காத. அங்க போயி புழுன்னு சொன்ன, மணிமங்கலத்துக்காரன் சொன்னது சரிதான்னு ஆயிடும். அப்புறம் ஒரு வூட்லயும் உன் கையில மொறம் குடுக்க மாட்டாங்க."

"அப்பாவு அண்ணன்?"

"அவரு பண்ணலன்னா சத்தியம் பண்ணிட்டுப் போறாரு. அவருக்கு இன்னா பயம்?"

நான் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவள் இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்தது அந்த ஒரு பெயரைத்தான்.

ஆனால் அப்பாவுக்குப் பயம் இருந்தது. அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், நிறைமாதம். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது எங்கள் பக்கம் யாரும் கற்பூரம் அணைக்க மாட்டார்கள், அது உண்மைச் சத்தியமாகவே இருந்தாலும். பொழுது சாய்வதற்கு முன் கோயில் எதிரே ஊர் கூடிவிட்டது. ஏகாம்பரநாதன் சார் ஓரமாக, வியர்த்த முகத்தோடு நின்றார். நாட்டாமை தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றித் தரையில் வைத்தார். அது தானாக அணைவதற்குள் கையால் பொத்தி அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் செய்தது அவன்தான் என்று ஆகிவிடும்.

அப்பாவு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நா வெக்கலீங்க. ஆனா சத்தியம் வாணாம். வூட்ல புள்ளத்தாச்சி கீது."

"வெக்காதவனுக்கு இன்னாத்துக்கு நடுக்கம்?" என்றாள் முனியம்மாள்.

"அப்பாவு, நெருப்பு கொறையுது பாரு" என்றார் நாட்டாமை.

கற்பூரம் நன்றாக எரிந்து கரைந்துகொண்டிருந்தது. அப்பாவு ஓரடி வைத்தார், நின்றார், திரும்பத் தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அவர் மனைவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.  என் பக்கத்தில் காவேரி மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. நான் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வாணாம் அக்கா" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. வெடுக்கென்று முந்தானை என் கையிலிருந்து போய்விட்டது.

நேரே போய்க் குனிந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் பொத்தினாள்.

"அப்பாவு அண்ணன் மருந்து வெக்கல. கோழி துன்னது புழு. நான் போட்ட புழு."

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவளே எல்லாவற்றையும் சொன்னாள், பை, கொட்டாங்கச்சி, பின்வாசல், கழுவாத மருந்து என்று ஒன்று விடாமல். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "மணிமங்கலத்துல ஆரம்பிச்ச புழு இங்க வரைக்கும் வந்துட்ச்சா" என்றது. சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டு வாசலை நான் இன்றுவரை மிதிக்கவில்லை. காவேரிக்கும் அது கேட்டது. முனியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"முனிம்மா அத்த, என் கோழிங்க அத்தினியும் காலம்பற உன் வூட்ல கொண்டாந்து வுட்டுடறேன்" என்றாள்.  அப்பாவு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எவ்வளவு புழும்மா?" என்று கேட்டார்.

"மன்னிச்சிக்குங்க சார்."

"அது இருக்கட்டும். ஒரு பையில எவ்வளவு இருந்துது?"

"ஒரு கொட்டாங்கச்சி ரொம்பிடும் சார். சில பையில ரெண்டு."

சார் கோயில் படியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "மத்த மூணு இடத்தையும் சேர்த்தாக்கூட அவ்வளவு வரலையேம்மா" என்றார்.  சந்தோஷமா துக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் பார்த்ததிலேயே உயிரான தரை அதுதான். அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களே."

கிடங்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கோழி கிளறி, எறும்பு இழுத்து, எந்தப் பைப் புழு எது என்று சொல்ல முடியாதபடி கிடந்தது. கோழி வயிற்றிலிருந்து எடுத்து எண்ணினேன் என்று சென்னைக் கூட்டத்தில் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றார் சார். படகையும் திருப்பி அனுப்பியாயிற்று. மூன்றாம் இடத்துப் பைகளில் பிரிக்காமல் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒரு பையை வைத்துத்தான் அந்தத் தரை பிழைக்க வேண்டும்.

அதை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. மற்றப் பெண்கள் என்னைக் காட்டினார்கள். சார் காவேரியைப் பார்த்தார். "ரெண்டு நாளுக்குள்ள முடிக்க இவங்க கைதான் வேணும்" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். 

சனிக்கிழமை விடிந்ததும் கோழிகளைக் கூடையில் போட்டு முனியம்மாள் வீட்டில் விட்டுவிட்டு நேரே கிடங்குக்கு வந்தாள். வலது உள்ளங்கையில் கொப்புளம். துணியைச் சுற்றிக்கொண்டு, இந்தத் தடவை ஜன்னலோரம் எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். பையைப் பிரித்துக் கழுவித் தட்டில் பரப்பினேன். தட்டு முழுக்க ரோஸ் நிறம். சிலது மயிர் போல, சிலது சுண்டுவிரல் நீளம், சிலது மண்ணாலேயே தனக்கு ஒரு குழாய் கட்டிக்கொண்டு அதற்குள் இருந்தன. காவேரி இடுக்கியை எடுத்தாள்.  முதல் புழுவைக் கவ்வினாள், கவ்வியதும் அவளை அறியாமல் சுண்டிவிட்டாள். அது எங்கேயோ பறந்து போனது.

எல்லாரும் கையை நிறுத்தினோம். சாரும் பார்த்தார்.  இந்தப் பையும் போனால் வேறு பை இல்லை.

காவேரி எழுந்தாள். தரையில் மண்டியிட்டு, சிமெண்ட் வெடிப்பு வெடிப்பாகத் தேடினாள். கடைசியில் என் கால் பக்கத்தில் கிடைத்தது. இடுக்கியால் எடுக்கவில்லை, விரலால் எடுத்தாள். அவள் முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன். வாந்தி வரும் என்று நினைத்தேன். கொண்டுபோய்ப் புட்டியில் போட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. சோறு கொண்டுவந்து கொடுத்தால் ஊட்டிவிடு என்றாள். நாத்தனாருக்கு நான் சோறு ஊட்டியது அந்த இரண்டு நாள்தான்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பைதானே என்று கூட்டத்தில் கேட்டார்களாம். ஒரு பையிலேயே இவ்வளவு என்று சார் புட்டிகளை மேசையில் அடுக்கினாராம். மழைக்காலம் முடிந்து மூன்றாம் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை அங்கே ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது என்று முடிவானது. மறுபடி வந்த பைகளையும் காவேரிதான் பொறுக்கினாள். அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். ஊரில் அரிசி புடைக்க மட்டும் அவளைக் கூப்பிட நெடுநாள் ஆயிற்று. அதையும் மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிப் புட்டியை மூடினாள். நான் சீட்டு எழுத உட்கார்ந்தேன். இடம், பை, உள்ளே இருப்பது, பொறுக்கியவர் பெயர் என்று நாலும் எழுத வேண்டும். மூன்று எழுதிவிட்டேன். பெயர் வந்ததும் பேனா ஓடவில்லை. புட்டி முழுக்கப் புழு. அதன் மேல் அவள் பெயர். இதற்காகத்தானே மணிமங்கலத்திலிருந்து துரத்தினார்கள்.

"அக்கா, வேணும்னா என் பேர போட்டுக்கட்டுமா?" என்றேன். இதுவரை அவளுக்காக எதையும் விட்டுக்கொடுத்தவள் இல்லை நான்.

காவேரி புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் முன்னால் வைத்தாள்.

"உன் பேரு இன்னாத்துக்கு? பொறுக்கினது நானு. எழுது. எல்லாரும் படிக்கிற மாதிரி பெருசா எழுது."

எழுதினேன். இடம்: மூன்று. பை: கடைசி. உள்ளே: புழு. பொறுக்கியவர்: காவேரி, வடக்குப்பட்டு.